பனி இருந்தது, முறை வரவில்லை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மார்கழியில் இங்கே உடம்பு நடுங்கும். ஆனால் குளம் உறையாது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலிருக்கும் லடாக்கின் லே நகரில் குளிர்காலத்தில் குளமே ஆடுகளமாகிவிடும். அந்த லடாக்கிலிருந்து எழுந்த இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிப் பேசும்போது, ‘குளிர்ப் பிரதேசம், அதனால் அணி வந்தது’ என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கம் தவறு என்பது என் வாதம். நம் மலைப் பிள்ளைகளையும் இதே போலத்தான் ‘பிறவியிலேயே உரம் பாய்ந்த கால்கள்’ என்று புகழ்ந்துவிட்டு, அவர்களுக்கு ஒரு நல்ல மைதானம் அமைத்துத் தர மறந்துவிடுகிறோம்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியும். லடாக்கில் இந்த ஆட்டத்தைப் பரப்பியதில் ராணுவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தொடக்கத்தில் பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடினார்கள். லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் 1985-இல் தோன்றியது. 1989-இல் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆண்கள் அணி 2009-இல் அபுதாபியில் ஆசிய சேலஞ்ச் கோப்பையில் ஆடியது. பெண்கள் அணி முதன்முதலாக வெளிநாட்டுக் களத்தில் இறங்கியதோ 2016-இல், தைபேயில். இத்தனை ஆண்டுகளும் லேயின் குளங்கள் குளிர்காலந்தோறும் உறைந்துகொண்டுதான் இருந்தன. பெண்களுக்கு அந்தப் பனியில் முறை கிடைக்கவில்லை. ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சிய நேரத்தில், இரவல் வாங்கிய கவசங்களோடு பழகியவர்கள் அவர்கள். தைபே பயணச் செலவையே பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் சமாளித்தார்கள். அங்கே ஒரு வெற்றியும் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்ற கணக்கில் வீழ்த்தினார்கள். நாட்டின் பெண்கள் ஐஸ் ஹாக்கியில் முதல் சர்வதேச வெற்றி அது. மலேசியாவையும் 5-4 என வென்றார்கள். ஓராண்டு இடைவெளியில் லடாக்கின் குளிர் கூடிவிடவில்லை. கூடியது பயிற்சியும் போட்டி அனுபவமும்தான்.

‘அப்படியானால் அணியில் ஏன் லடாக் பெண்களே நிறைந்திருக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிர் ஒரு வாய்ப்பைத் தருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் இவர்களை எதிர்த்து ஆடிய பிலிப்பைன்ஸிலும் மலேசியாவிலும் ஏரி உறைவதில்லை. அங்கே வணிக வளாகங்களின் செயற்கைப் பனித்தளங்களில் ஆண்டு முழுதும் ஆடலாம். லடாக்கின் இயற்கைப் பனியோ ஏறக்குறைய இரண்டு மாதம்தான். 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய பெரிய உள்ளரங்கப் பனித்தளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்து, 2025-இல்தான் மீண்டும் திறந்தது. ஒரு தலைமுறைச் சிறுமிகளின் பழகும் வயது அந்தப் பூட்டுக்குள்ளேயே போய்விட்டதை நினைத்தால் மனம் கனக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கென்றே 2008 முதல் உலகப் போட்டி நடக்கிறது. பத்து வயதிலேயே தளமும் பயிற்சியாளரும் கிடைக்கும் நாடுகள்தான் அதில் முன்னே நிற்கின்றன. இத்தனை குறைகளுக்கு நடுவே நம் பெண்கள் 2025-இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றார்கள்.

செலவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு: ஏழை மலைகளுக்குச் சாலையும் மருத்துவமனையும் முதலில், விளையாட்டு பிறகு என்பார்கள். டேராடூன் இதற்கே எதிர்ச்சான்று. பணம் செலவாகித்தான் இருந்தது; தளத்தைத் தொடர்ந்து நடத்தும் ஏற்பாடுதான் இல்லை. கொல்லிமலைக்குப் பனித்தளம் வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஆடி மாதம் அங்குள்ள செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது, அதையொட்டி வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. சங்கப் புலவர்கள் பாடிய வில்லாளியின் மலையில் விழா முடிந்ததும் அம்பறாத்தூணியைக் கட்டிவைக்க வேண்டியதில்லை. உண்டு உறைவிடப் பள்ளிகளில் வில்லும் இலக்குப் பலகையும் சம்பளம் பெறும் பயிற்சியாளரும் ஆண்டு முழுதும் இருக்க வேண்டும். பயிற்சி அட்டவணையில் மாணவிகளின் நேரத்தை முதலில் எழுதிவிட்டு, மற்றவர்களின் நேரத்தை அதற்குப் பிறகு பிரிக்கலாம்.