தொடர்கதை திரைக்குப் போனபோது: சுஜாதாவின் மதுமிதா

ஜப்பானில் பள்ளிக்கூடக் காதல் கதைகள் பெரும்பாலும் முதலில் 'மாங்கா' என்ற படக்கதையாகத்தான் பத்திரிகையில் தொடர்ந்து வரும். வாசகர்களுக்குப் பிடித்துவிட்டால் தனிப் புத்தகம், பிறகு அனிமேஷன், அதற்கும் பிறகு நிஜ நடிகர்களை வைத்து ஒரு சினிமா. ஓர் உதாரணம், கருஹோ ஷீனாவின் 'கிமி நி டோடோகே'. 'ரிங்' படத்துப் பேயின் பெயரை வைத்து வகுப்பே கேலி செய்யும் ஒரு கூச்சக்காரப் பெண்ணின் காதல் கதை. 2005-ல் தொடங்கி 2017 வரை வந்தது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2010-ல், திரைப்படமும் வந்துவிட்டது.

நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று யோசித்தால், நேராக ஸ்ரீரங்கத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆமாம், சுஜாதா!

1935-ல் திருவல்லிக்கேணியில் பிறந்த ரங்கராஜன், வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூர் பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதினார். மாங்கா போல இங்கேயும் படம் உண்டு. ஜெயராஜ் வரைந்த கணேஷ்-வசந்த் முகங்கள் வாசகர் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டன.

சினிமாக்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டது அவருடைய மர்மக் கதைகளை. 'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978), 'கரையெல்லாம் செண்பகப்பூ' (1981) என்று சுடச்சுட வந்தன. மாற்றங்களுக்கும் பஞ்சமில்லை. 'ப்ரியா' நாவல் நடப்பது லண்டனில், படம் எடுத்தது சிங்கப்பூரில். கதையில் வக்கீலாக மட்டும் வந்துபோன கணேஷ், ரஜினிகாந்த் ஆனதும் டூயட் பாடினார் :-)

ஆனால் அவருடைய பெரிய காதல் கதை மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனந்த விகடனில் 1980களில் வந்த 'பிரிவோம் சந்திப்போம்' அது. பாபநாசத்தில் வேலைக்குக் காத்திருக்கும் ரகு, வெகுளிப் பெண் மதுமிதா, நடுவில் வந்து சேரும் அமெரிக்க மாப்பிள்ளை. இது 'ஆனந்த தாண்டவம்' என்ற பெயரில் படமாக வெளிவந்தது 2009 ஏப்ரலில். ஏ.ஆர்.காந்தி கிருஷ்ணா இயக்கம், ரகுவாக சித்தார்த், மதுவாக தமன்னா. சுஜாதா அதற்கு முந்தைய ஆண்டு, 2008 பிப்ரவரி 27 அன்றே காலமாகிவிட்டார். படத்துக்குப் பெரிய வரவேற்பு இல்லை.

நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. உண்மையான வில்லன் இடையில் போன அந்த இருபத்து சொச்சம் வருடங்கள்!

தொடர் வந்த நாட்களில் அமெரிக்கா என்பது இன்னொரு கிரகம். கடிதம் போய்ச் சேரவே நாளாகும். அங்கிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தால் ஒரு குடும்பமே தடுமாறிப் போகும், பேசி முடித்த கல்யாணமும் கலையும் என்பதை வாசகர் உடனே நம்பினார். ரகுவின் துக்கத்துக்கு ஆதாரமே அந்தத் தூரம்தான். 2009-லோ ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தார்கள். கையில் செல்போன், மேஜையில் இன்டர்நெட். அந்தப் பிரமிப்பு இல்லாமல் பார்ப்பவருக்கு மதுவின் வெகுளித்தனம் அசட்டுத்தனமாகத்தான் தெரியும்.

'கிமி நி டோடோகே'யைப் பதின்மூன்று வயதில் படிக்க ஆரம்பித்தவளுக்குப் படம் வந்தபோது வயது பதினெட்டு. அவளுடைய உலகம் பெரிதாக மாறியிருக்கவில்லை. 'பிரிவோம் சந்திப்போம்' தொடரை இருபது வயதில் படித்தவருக்கோ, படம் வந்தபோது கல்யாண வயதில் ஒரு மகள் இருந்திருப்பாள். ரகுவாக அழுதவர், இப்போது மதுவின் அப்பா இருந்த இடத்தில் இருக்கிறார்.

மர்மக் கதையில் கொலையாளி யார் என்ற கேள்வி எந்த வருடத்திலும் வேலை செய்யும். காதல் கதைக்கு அந்த வசதி இல்லை. யார் யாரைப் பிரிக்க முடியும் என்பதைக் காலம்தான் தீர்மானிக்கிறது. எனவே பழைய தொடர்கதைகளைப் படமாக்க நினைப்பவர்கள், கதையோடு அதன் வருடத்தையும் சேர்த்து எடுப்பது நல்லது. டிரங்க் கால், இன்லண்ட் லெட்டர் எல்லாவற்றோடும்தான்!