காற்றின் கணக்கும் டாக்டர் மேயரும்

இல்லாதது தோன்றாது, உள்ளது இல்லாமற் போகாது என்பது தத்துவ நூலார் நெடுங்காலமாகக் கூறிவரும் கொள்கை. இக்கொள்கையை வெப்பத்திற்கும் வேலைக்கும் பொருத்தி, அதற்கு ஓர் எண்ணையும் கண்டு கூறியவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு வைத்தியர். அவருக்குப் பேராசிரியர் பதவி இல்லை; சிறந்த ஆய்வுக்கூடமும் இல்லை. கணக்கிட அவர் எடுத்துக்கொண்ட பொருள் நாம் மூச்சுவிடும் காற்றே. வெப்ப இயக்கவியலின் முதல் விதி என்று இன்று கற்பிக்கப்படும் விதியின் வரலாற்றில் அவருக்குரிய இடம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஜூலியஸ் ராபர்ட் மேயர் 1814ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில், மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் பயின்றபின், 1840 பிப்ரவரியில் டச்சுக் கப்பல் ஒன்றில் வைத்தியராக அமர்ந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்டார். கப்பல் நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவை அடைந்ததும் மாலுமிகள் சிலருக்குச் சுவாச நோய் கண்டது. அக்கால வழக்கப்படி அவர்களுடைய கைச் சிரையைக் கீறி இரத்தம் வெளியேற்றினார் மேயர். கருஞ்சிவப்பாக இருக்கவேண்டிய சிரை இரத்தம் பளிச்சென்ற செந்நிறமாக வந்தது. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என்று எண்ணும் அளவிற்கு அந்நிறம் அவரைத் திகைக்க வைத்தது.

உணவு உடலினுள் மெல்ல எரிவதே உடற்சூட்டிற்குக் காரணம் என்று லவாய்சியர் முன்னரே விளக்கியிருந்தார். வெப்ப நாட்டில் உடல் இழக்கும் சூடு குறைவு. ஆகவே எரிதலும் குறைவு. பிராணவாயு மிகுதியாகச் செலவாகாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது என்று மேயர் கருதினார். அவர் சிந்தனை அத்துடன் நிற்கவில்லை. மனிதன் தன் உடலால் வேலையும் செய்கிறான். அவ்வேலை உராய்வினால் மீண்டும் வெப்பமாகிறது. உடற்சூடு, வேலை ஆகிய இரண்டும் உணவு என்னும் ஒரே முதலிலிருந்து எடுக்கப்படும் செலவுகளாயின், ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு நிலையான விகிதம் ஒன்று இருந்தே தீரவேண்டும். ரிங்கிட்டைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றும் விகிதம் நாளுக்கு நாள் மாறும். இயற்கையின் விகிதமோ மாறாது. அவ்விகிதம் எவ்வளவு? இதற்கு விடையை அவர் காற்றிலே தேடினார்.

இறுக மூடிய கலத்திலுள்ள காற்றைச் சூடாக்குவதாகக் கொள்வோம். காற்று விரிய இடமில்லை. எனவே அது வேலை ஒன்றும் செய்வதில்லை. கொடுத்த வெப்பம் முழுவதும் காற்றின் அக ஆற்றலாகச் சேர்ந்து வெப்பநிலையை உயர்த்துகிறது. இனி, அதே அளவு காற்றை, மேலும் கீழும் நகரக்கூடிய பிஸ்டன் பொருத்திய உருளையில் இட்டுச் சூடாக்குவோம். காற்று விரிந்து, வெளியிலுள்ள வாயுமண்டலத்தின் அழுத்தத்தை எதிர்த்துப் பிஸ்டனை உயர்த்துகிறது. இப்போது வெப்பநிலையை முன்போலவே ஒரு டிகிரி உயர்த்த, முன்னதினும் மிகுதியான வெப்பம் தேவைப்படுகிறது.

காற்றுக்கு இவ்வாறு இரண்டு தன்வெப்பங்கள் உண்டென்பது மேயருக்கு முன்பே அறியப்பட்ட செய்தி. மாறா அழுத்தத்தில் தேவைப்படும் வெப்பத்தை டெலரோஷ், பெரார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1813இல் அளந்து வெளியிட்டனர். இரு வெப்பங்களுக்கும் இடையேயுள்ள விகிதத்தை டூலோங் 1829இல் ஒலியின் வேகத்தைக் கொண்டு கணித்தார். ஆயினும் வெப்பம் என்பது ‘கலோரிக்’ என்னும் ஒருவகை நுண்பாய்மம் என்றே அந்நாளில் பலரும் நம்பினர். மிகையான வெப்பம் விரிந்த காற்றினுள் மறைந்து கிடக்கிறது என்பது அவர்கள் கூறிய விளக்கம். மேயரோ அவ்வெப்பம் மறையவில்லை, செலவாகிவிட்டது என்றார். பிஸ்டனை உயர்த்திய வேலைதான் அச்செலவு. கொடுத்த வெப்பம், அக ஆற்றலின் பெருக்கமும் செய்த வேலையும் சேர்ந்த தொகைக்குச் சமம் என்னும் முதல் விதியின் உட்கிடை இதுவே.

1842இல் லீபிக் நடத்திய வேதியியல் இதழில் மேயர் தம் முடிவை வெளியிட்டார். கணக்கின் விவரங்களை 1845இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட நூலில் தந்தார். அக்கணக்கு எளியது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் எடை 0.0013 கிராம், மாறா அழுத்தத்தில் அதன் தன்வெப்பம் 0.267. ஆகவே அதனை ஒரு டிகிரி சூடாக்க 0.0003471 கலோரி வேண்டும். இதனை டூலோங்கின் விகிதமாகிய 1.421 கொண்டு வகுத்தால், மூடிய கலத்தில் வேண்டிய வெப்பம் 0.0002443 கலோரி என்று வரும். வேறுபாடு 0.0001028 கலோரி. இவ்வெப்பம் செய்த வேலை யாது? காற்று தன் கன அளவில் 274இல் ஒரு பங்கு விரிந்து, 1033 கிராம் எடையுள்ள பாதரசத் தூணுக்குச் சமமான அழுத்தத்தை அத்தூரம் உயர்த்தியது. 1033ஐ 274ஆல் வகுக்க 3.77 வரும். இதனை மேற்கண்ட வேறுபாட்டால் வகுத்தால், ஒரு கலோரி வெப்பம் ஒரு கிராம் எடையை ஏறக்குறைய 367 மீட்டர் உயர்த்தவல்லது என்னும் விடை கிடைக்கிறது.

ஈண்டு நியாயமான ஐயம் ஒன்று எழும். வெப்பம் முழுவதும் வேலைக்கே சென்றது, விரிந்த காற்றினுள் சிறிதும் தங்கவில்லை என்பதற்குச் சான்று யாது? மேயர் 1807இல் கே-லுசாக் செய்த சோதனையைச் சான்றாகக் காட்டினார். காற்று நிறைந்த கலத்திலிருந்து வெற்றிடமான கலத்திற்குக் காற்றைத் திறந்துவிட்டபோது, ஒரு கலம் குளிர்ந்த அளவிற்கு மற்றொன்று சூடேறியது, மொத்தத்தில் இழப்பில்லை. 1845இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் இத்தகைய இரு கலங்களை நீரில் அமிழ்த்திச் சோதித்தார். நீரின் வெப்பநிலை மாறவில்லை. எதிர்ப்பின்றி விரியும் காற்று வேலை செய்வதில்லை. ஆதலால் ஆற்றலையும் இழப்பதில்லை. அக ஆற்றல் வெப்பநிலை ஒன்றையே சார்ந்திருக்கும் வாயுவை இலட்சிய வாயு என்கிறோம். உண்மையான வாயுக்கள் இதனின்று சிறிது விலகுகின்றன என்பதை ஜூலும் தாம்சனும் 1850களில் நுட்பமாக அளந்து காட்டினர்.

இவ்விதி கொண்டு வாயுக்களின் பிற மாற்றங்களையும் விளக்கலாம். வெப்பநிலை மாறாமல் வாயு விரிந்தால், பெற்ற வெப்பம் முழுவதும் வேலையாகும். வெப்பம் உள்ளே வரவோ வெளியே செல்லவோ இயலாதபடி விரைந்து அமுக்கினால், செய்த வேலை முழுவதும் அக ஆற்றலாகும். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதற்கு இதுவே தலையாய காரணம். 1850இல் கிளாசியஸ் இவை அனைத்தையும் ஒரே சமன்பாட்டினுள் அடக்கினார்.

மேயரின் 367 பிழையான எண். ஜூல் பல ஆண்டுகள் நீரைத் துடுப்புகளால் கலக்கி அளந்து, 1850இல் வெளியிட்ட எண் ஏறக்குறைய 424 மீட்டர். இன்றைய மதிப்பு 427. இதனால் மேயர் தோற்றார் எனலாமா? காற்றின் தன்வெப்பம் 0.267 அன்று, ஏறக்குறைய 0.24 என்பதை ரெனோ பின்னர்த் திருத்தமாக அளந்தார். எடையை 0.001293 என்றும், தன்வெப்பத்தை 0.240 என்றும், விகிதத்தை 1.40 என்றும், 274ஐ 273 என்றும் மாற்றி மேயரின் கணக்கை அப்படியே செய்து பாருங்கள். விடை 427க்கே வந்து நிற்கும்! பிழை பிறர் அளந்து தந்த எண்களில் இருந்ததேயன்றி அவர் சென்ற வழியில் இல்லை.

ஆயினும் அவர் வாழ்நாள் இன்னலில் கழிந்தது. கண்டுபிடிப்பின் முதன்மை குறித்து ஜூலுடன் வழக்கு எழுந்தது. 1848இல் பெற்ற மக்கள் இருவரை இழந்தார். 1850இல் மனமுடைந்து சன்னலிலிருந்து குதித்தார். உயிர் தப்பியபின் மனநோய் விடுதியில் அடைபட்டார். 1862இல் லண்டனில் டின்டால் என்னும் அறிஞர் மேயரின் பெருமையை எடுத்துரைத்த பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ராயல் சொசைட்டி தன் கோப்லி பதக்கத்தை 1870இல் ஜூலுக்கும் 1871இல் மேயருக்கும் வழங்கியது. 1878இல் மேயர் காலமானார்.

கணக்கில் விடை தவறினும் வழி சரியாயின் அதற்குரிய மதிப்பெண்ணை வழங்குவது ஆசிரியர் மரபு. மேயர் வழியைக் கண்டார். ஜூல் விடையை உறுதிசெய்தார். வழியின்றி அளந்தால் எண்கள் குவியும். அளவின்றி எண்ணினால் கருத்து காற்றில் நிற்கும். இரண்டும் கூடிய இடத்திலேதான் முதல் விதி பிறந்தது. அவ்விருவருக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே பதக்கத்தை அளித்தோர் அவ்வுண்மையை உணர்ந்தவர்களே எனலாம்.