புள்ளி மின்துகள்களும் விசைக் கணக்கீடும்: எதிர்த்தகவு இருமடி விதி நிறுவப்பட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இரு புள்ளி மின்துகள்களுக்கு இடையிலான விசையைத் தரும் எதிர்த்தகவு இருமடி விதி, 1785-இல் கூலூம் செய்த நேரடி அளவீட்டால் நிறுவப்பட்டது என்பது பாடநூல் வழக்கு. கூலூம் பதிவு செய்த எண்களை இக்கட்டுரை மீளக் கணக்கிடுகிறது. விதியின் அடுக்கெண் 2 என்பதற்கான வலுவான சான்று அவ்வளவீட்டில் இல்லை. விதியிலிருந்து கணக்கீட்டால் பெறப்பட்ட ஒரு விளைவைச் சோதித்த கேவண்டிஷின் ஆய்விலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: புள்ளி மின்துகள், கூலூம் விதி, முறுக்குத் தராசு, கேவண்டிஷ், மின்புலம்.

முன்னுரை

மின்னியல் பாடம் பெரும்பாலும் ஒரு வாய்பாட்டோடு தொடங்குகிறது. இரு மின்துகள்களுக்கு இடையிலான விசை அவற்றின் மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் அமையும் என்பதே அது. இதில் தொலைவின் அடுக்கெண் ஏன் சரியாக 2 ஆக இருத்தல் வேண்டும், 1.9 ஆகவோ 2.1 ஆகவோ ஏன் இருத்தல் கூடாது என்னும் வினா வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறுக்குத் தராசின் மூன்று அளவீடுகள்

பிரெஞ்சுப் படைப் பொறியாளரான சார்லஸ் அகஸ்டின் கூலூம் (1736–1806), மெல்லிய கம்பிகளின் முறுக்கு விசை பற்றி 1784-இல் ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு அதனைக் கொண்டு மின் விலக்கு விசையை அளந்து பாரிசு அறிவியல் கழகத்திற்கு அறிவித்தார். ஒரே வகை மின்னூட்டம் பெற்ற இரு நெட்டிப் பந்துகளுள் ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்று கம்பியில் தொங்கும் ஊசியின் முனையில் விலகிச் செல்லும். அவ்விலக்கத்தை எதிர்க்கும் கம்பியின் முறுக்கே விசையின் அளவாகும்.

அவர் அக்கட்டுரையில் தந்தவை மூன்றே அளவீடுகள். பந்துகள் 36 பாகை விலகி நின்றபோது முறுக்கு 36 பாகை, 18 பாகையில் 144, 8.5 பாகையில் 575.5. தொலைவு பாதியானபோது விசை நான்கு மடங்காயிற்று என்பதால், முதல் இரண்டு அளவீடுகள் அடுக்கெண் 2 எனக் காட்டுகின்றன. மூன்றாவது அவ்வாறு பொருந்தவில்லை. விதிப்படி 575.5 பாகை முறுக்கில் பந்துகள் ஏறத்தாழ 9 பாகை விலகி நின்றிருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் அளவீடுகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால் அடுக்கெண் 1.85 எனக் கிடைக்கிறது. காற்றில் மின்னூட்டம் கசிந்து குறைந்தமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணமெனக் கூலூம் விளக்கினார். வேறுபாட்டின் திசை அவ்விளக்கத்தோடு இசைகிறது. எனினும் மூன்று எண்கள் ஒரு விதியைத் தாங்கப் போதுமா என்னும் ஐயம் எஞ்சுகிறது.

இந்த ஐயம் அண்மைக் காலத்திலும் எழுந்தது. இச்சோதனையை மீளச் செய்த பீட்டர் ஹீரிங், கூலூம் தந்த முடிவுகளைத் தம்மால் பெற இயலவில்லை என 1992-இல் எழுதினார். ஆல்பர்ட்டோ மார்ட்டினெசு 2006-இல் வெளியிட்ட மீளாய்வில் கூலூமின் எண்களை ஒத்த முடிவுகளைப் பெற்றார். சோதனை நடைபெறக்கூடியதே, ஆயினும் அதன் துல்லியம் குறைவு என்பது இவ்விரு ஆய்வுகளாலும் புலனாகிறது.

கவர்ச்சி விசையும் ஒரு முற்கோளும்

கவர்ச்சி விசையை அளக்கையில் பந்துகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூலூம் தம் இரண்டாம் கட்டுரையில் அலைவு முறையைக் கையாண்டார். ஓரடி விட்டமுள்ள மின்னூட்டப்பட்ட கோளத்தின் முன், எதிர் மின்னூட்டம் கொண்ட சிறு தகடு தாங்கிய ஊசியை அலையவிட்டார். கோளத்தின் மையத்திலிருந்து 9, 18, 24 அங்குலத் தொலைவுகளில் 15 அலைவுகளுக்கான நேரம் முறையே 20, 41, 60 நொடிகள். எதிர்த்தகவு இருமடி விதிப்படி அலைவு நேரம் தொலைவிற்கு நேர்த்தகவில் அமைய வேண்டும். அவ்வாறாயின் நேரங்கள் 20, 40, 53 என்றிருக்கும். இங்கும் மூன்றாம் எண் விலகுகிறது. இங்கும் கசிவே காரணமாகக் கூறப்பட்டது.

இதனினும் கருதத்தக்கது தொலைவை அளந்த முறை. தகடு கோளத்தின் பரப்பிலிருந்து 3, 12, 18 அங்குலத்தில் இருந்தது. அத்தொலைவுகளைக் கொண்டு முதல் இரு நேரங்களைக் கணக்கிட்டால் அடுக்கெண் ஏறத்தாழ 1 என்றே வரும். கோளத்தின் மின்னூட்டம் முழுவதும் மையத்தில் குவிந்ததுபோல் செயல்படும் எனக் கொண்டால் மட்டுமே 2 கிடைக்கும். சீரான கோளம் தனக்கு வெளியே ஒரு புள்ளியைப் போலச் செயல்படும் என்பது நியூட்டன் 1687-இல் ஈர்ப்பு விசைக்கு நிறுவிய தேற்றம். எதிர்த்தகவு இருமடி விதியிலிருந்தே அத்தேற்றம் பெறப்பட்டது. எனவே நிறுவப்பட வேண்டிய விதியின் விளைவு, அதை நிறுவும் அளவீட்டில் முற்கோளாக இடம்பெற்றுள்ளது. இதனை வட்டவாதம் என ஒதுக்க வேண்டியதில்லை. விதியும் அதன் விளைவும் தம்முள் முரணின்றிப் பொருந்துகின்றனவா எனக் காணும் சோதனையாகக் கொள்ளலாம்.

கேவண்டிஷின் சுழிச் சோதனை

விளைவைக் கொண்டு விதியை அறியும் வழி கூலூமுக்கு முன்பே தோன்றியிருந்தது. மின்னூட்டப்பட்ட உலோகக் கலத்தின் உட்புறத்தில் தக்கைப் பந்து ஈர்க்கப்படாமையைப் பிராங்கிளின் கண்டார். அச்செய்தியை ஆராய்ந்த பிரீஸ்ட்லி, மின்விசையும் ஈர்ப்பு விசையின் விதியையே பின்பற்றுவதாகலாம் என 1767-இல் ஊகித்தார். நியூட்டனின் கணக்கீட்டின்படி உள்ளீடற்ற கோளத்தினுள் விசை சுழியாவதே அவ்வூகத்திற்கு அடிப்படை.

இவ்வூகத்தை என்றி கேவண்டிஷ் 1772–73-இல் அளவீடாக மாற்றினார். 12.1 அங்குல விட்டமுள்ள கோளத்தைச் சூழ இரு அரைக்கோளங்களை அமைத்து, இரண்டையும் கம்பியால் இணைத்து மின்னூட்டினார். பின்னர் இணைப்பை நீக்கி, உட்கோளத்தை நெட்டிப் பந்துகளால் சோதித்தபோது மின்னூட்டம் ஏதும் புலப்படவில்லை. அடுக்கெண் 2-இலிருந்து விலகினால் உட்கோளத்தில் எவ்வளவு மின்னூட்டம் தங்கும் என்பதைக் கணக்கிட்டு, விலகல் ஐம்பதில் ஒரு பங்கை விஞ்சாது என முடிவு செய்தார். இம்முறையில் விசையையோ தொலைவையோ அளக்க வேண்டிய தேவையே இல்லை. சிறு பிழைகளால் குலையும் நேரடி அளவீட்டை விட இது உறுதியானது.

கேவண்டிஷ் இதனை வெளியிடவில்லை. மேக்சுவெல் அவருடைய கையெழுத்துப் படிகளைப் பதிப்பித்து 1879-இல் வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது. அதற்குள் விதி கூலூமின் பெயரில் நிலைபெற்றுவிட்டது. மேக்சுவெல் காலத்தில் அதே சோதனையை மீளச் செய்தபோது விலகலின் எல்லை 21,600-இல் ஒரு பங்காகக் குறைந்தது. பிளிம்டன், லாட்டன் ஆகியோர் 1936-இல் செய்த ஆய்வும், வில்லியம்சு குழுவினர் 1971-இல் செய்த ஆய்வும் கேவண்டிஷின் முறையையே வளர்த்தெடுத்தவை.

விசையிலிருந்து புலத்திற்கு

இரு துகள்களுக்கான விதி பல துகள்களுக்குத் தானாக விரிவதில்லை. ஒவ்வொரு துகளும் தரும் விசையைத் தனித்தனியே கண்டு வெக்டர் முறையில் கூட்டலாம் என்னும் மேற்பொருந்துதல் தத்துவம் அதற்குத் தேவை. கேவண்டிஷின் கணக்கீடும், கடத்திகளின் பரப்பில் மின்னூட்டப் பரவலை 1812-இல் ஆராய்ந்த புவாசோனின் கணக்கீடும் அதன்மேல் நிற்பவை. ஓரலகு மின்னூட்டத்தின் மீதான விசையாக மின்புலத்தை வரையறுத்துக் கணக்கிடும் இன்றைய முறை, பாரடேயின் விசைக்கோட்டுச் சிந்தனையும் மேக்சுவெலின் கணிதமும் இணைந்ததன் பயன்.

முடிவுரை

கூலூமின் சிறப்பு, மின்விசையை எண்ணாக்கிப் பொதுவெளியில் ஆய்வுக்கு வைத்தமையில் உள்ளது. விதிக்கு அவர் பெயர் வழங்குவது இவ்வகையில் தகும். அடுக்கெண்ணின் உறுதிக்கோ கேவண்டிஷின் வழியே சான்று. அங்குக் கணக்கீடு அளவீட்டின் பின் வந்த பயன்பாடாக இல்லை. அளவீட்டைச் சாத்தியமாக்கிய கருவியாக இருந்தது. கோளத்தினுள் மின்புலம் சுழி என்பதை விதியின் பயிற்சிக் கணக்காக மட்டும் கற்பிக்காமல், அவ்விதிக்கான முதன்மைச் சான்றாகவும் கற்பிப்பது வரலாற்றுக்குப் பொருத்தமாக அமையும்.