பர்த் டே குட்டியோட வாட்டர் பார்க் கிளம்பியாச்சா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

மேட்டுப்பாளையம்:

பள்ளிக்கூட லீவு விட்டாச்சு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த நேரத்தில் வீட்டு வாண்டுக்குப் பிறந்தநாளும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேக், புது டிரஸ் எல்லாம் பத்தாது. "வாட்டர் பார்க் கூட்டிட்டுப் போ" என்று காலைக் கட்டிக்கொள்ளும்.

வருஷத்துக்கு ஒரு நாள் என்று சீட்டுப் பணத்தையோ, ஓவர்டைம் காசையோ எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் நம்மில் ஏராளம். அந்த ஒரு நாள் சந்தோஷமாக முடிய வேண்டும். பிள்ளை போன மாதிரியே வீடு திரும்ப வேண்டும். அதற்கான விவரங்கள் இதோ.

எங்கெங்கே இருக்கு?

வாட்டர் பார்க் என்பது அமெரிக்காவில் பிறந்த விஷயம். 1977-ல் அங்குள்ள ஆர்லாண்டோ நகரில் ஜார்ஜ் மில்லே என்பவர் திறந்த 'வெட் அண்ட் வைல்ட்' பூங்காதான் இன்றைய வாட்டர் பார்க்குகளுக்கு முன்னோடி.

கொங்கு மண்டலத்துக்காரர்களுக்கு வாட்டர் பார்க் என்றதும் நினைவுக்கு வருவது மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். ஊட்டி ரோட்டில், நீலகிரி மலை அடிவாரத்தில் இருக்கிறது. கோவையில் சிறுவாணி ரோட்டில் கோவை கொண்டாட்டம், மதுரைக்காரர்களுக்கு பரவை பக்கம் அதிசயம் பார்க். சென்னை பக்கம் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. இந்த வொண்டர்லா கம்பெனியின் முதல் பூங்கா 2000-ல் கொச்சியில் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கியது.

எப்படிப் போவது?

பிளாக் தண்டர் போகிறவர்களுக்குச் சொந்த வண்டி அவசியமில்லை. கோவையில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரெயிலும் இருக்கிறது, பஸ்சும் இருக்கிறது. சுமார் 35 கிலோ மீட்டர் தூரம். மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் குன்னூர், ஊட்டி பஸ்கள் பார்க் வழியாகத்தான் போகின்றன. ஏறும்போதே கண்டக்டரிடம் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. பார்க் மலைக்குக் கீழே கோவை மாவட்டத்தில் இருக்கிறது. அப்படியே குன்னூர், ஊட்டி என்று மலை ஏற நினைப்பவர்கள்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

மே மாதம் ஊட்டி வண்டிகளால் இந்த ரோடு திணறும். காலையில் சீக்கிரம் கிளம்பி, கேட் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் வரிசையும் குறைவு, வெயிலும் குறைவு. சனி, ஞாயிறைத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

பர்சுக்கு எவ்வளவு வேட்டு?

டிக்கெட் விலையை மட்டும் பார்த்துக் கிளம்பினால் கையைச் சுட்டுவிடும். நுழைவு டிக்கெட், நீச்சல் டிரஸ் வாடகை, லாக்கர் வாடகை, திருப்பித் தரும் டெபாசிட், சாப்பாடு, பஸ் செலவு என்று ஆறு கணக்கு இருக்கிறது. ஆறையும் ஒரு பேப்பரில் எழுதி, எத்தனை பேரோ அத்தனையால் பெருக்கிப் பாருங்கள். அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

டிக்கெட்டில் வரியும் சேர்ந்திருக்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதம் வரி போட்டார்கள். 2018 ஜனவரியில் அது 18 சதவீதமாகக் குறைந்தது. போனில் விலை கேட்கும்போது "வரியோடு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

குழந்தை டிக்கெட்டைப் பல இடங்களில் வயசை வைத்துப் போடுவதில்லை, உயரத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். பிறந்தநாள்காரருக்குச் சலுகை தரும் பூங்காக்களும் உண்டு. ஆதார் அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையோடு கொண்டுபோனால் கேட்டுப் பார்க்கலாம். ஸ்கூல், காலேஜ் அடையாள அட்டைக்கும் சில இடங்களில் தள்ளுபடி இருக்கிறது.

கேக் எடுத்துப் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. காலையில் வீட்டிலேயே கேக் வெட்டிவிட்டு, இட்லியோ உப்புமாவோ வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.

சேலை, சுடிதாருக்கு ஏன் தடா?

"நான் சேலையோட சும்மா ஓரமா நிக்கறேன்" என்று சொல்லும் அம்மாக்கள், பாட்டிகள் உண்டு. பார்க்கில் விட மாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனமாகிவிடும். காலைச் சுற்றும், ஆளை இழுக்கும். துப்பட்டா சறுக்கு விளையாட்டில் மாட்டினால் கழுத்துக்கே ஆபத்து. அதனால்தான் நைலான் டிரஸ் கேட்கிறார்கள். வாடகை மிச்சம் பண்ண நினைத்தால் டவுனில் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷமும் ஆகும்.

தாலிச் செயின், கொலுசு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டு, சறுக்கு விளையாட்டைத் தவிர்த்துவிடுங்கள். அலைக்குளத்தில் விழுந்த தங்கம் திரும்பக் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

குழந்தையின் டிரஸ் கலரிலும் கவனம் வேண்டும். நீலம், வெள்ளை, வெளிர் பச்சை போட்டால் தண்ணீருக்குள் பிள்ளை இருப்பதே தெரியாது. சிவப்பு, ஆரஞ்சு, பளிச் மஞ்சள்தான் கண்ணில் படும்.

கடல் மாதிரியே அலை... கடல் மாதிரியே ஆபத்து!

எல்லோரும் குவிவது அலைக்குளத்தில்தான். பெரிய காற்றாடி மோட்டார்கள் காற்றை அறைக்குள் அழுத்தும். அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளும், அலை கிளம்பும். பெரும்பாலான அலைக்குளங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. தரை கடற்கரை போலச் சரிந்துகொண்டே போகும். ஓரத்தில் கணுக்கால் அளவு, உள்ளே போகப் போக ஆள் மூழ்கும் ஆழம்.

அலை கிளம்புவதற்கு முன் மணியோ சைரனோ அடிக்கும். உடனே எல்லோரும் "ஹோ"வென்று உள்ளே ஓடுவார்கள். சின்னப் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டிய நேரமே அதுதான். டியூபில் உட்கார வைத்துவிட்டோம், பயமில்லை என்று நினைக்காதீர்கள். டியூப் விளையாட்டுச் சாமான், ஒரு அலைக்குக் கவிழ்ந்துவிடும். உயிரைக் காப்பது லைப் ஜாக்கெட் மட்டும்தான். அதுவும் பிள்ளையின் அளவுக்குப் பொருந்தி, பெல்ட் எல்லாம் போட்டிருக்க வேண்டும்.

நமக்கே நடந்த கதை

இதை எழுதும் நிருபருக்கே சில வருஷம் முன்னால் நடந்தது இது. ஊர், பார்க் பெயர் வேண்டாம். தப்பு எங்கள் மேல்தான்.

மகனுக்கு 6-வது பிறந்தநாள். மாமியார், மச்சான் குடும்பம் என எட்டுப் பேர் போயிருந்தோம். அலைக்குளத்தில் பையன் என்னோடு இருப்பதாக என் மனைவி நினைத்தாள். மச்சானோடு இருப்பதாக நான் நினைத்தேன். மச்சான் போட்டோ எடுக்கக் கரைக்குப் போயிருந்தார். ஐந்து பெரியவர்கள் இருந்தும் அந்த நிமிஷம் பையனை யாருமே பார்க்கவில்லை.

டியூப் கவிழ்ந்திருக்கிறது. அவன் கத்தவில்லை, கை காட்டவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, தண்ணீருக்குள் சிவப்பு டிரஸ் தெரிவதைப் பார்த்து கையைப் பிடித்துத் தூக்கினார். "யாரு வீட்டுப் பையன்?" என்று அவர் கேட்ட பிறகுதான் நாங்கள் திரும்பினோம். பையன் இருமினான், அழுதான், பிழைத்தான். அன்று வாங்கிய கேக்கை யாரும் தொடவில்லை. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லத் திரும்பியபோது கூட்டத்தில் அவரைக் காணோம்.

சத்தம் போடாமல் வரும் எமன்

சினிமாவில் தண்ணீரில் மூழ்குகிறவர் "காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. மூச்சு விடவே வாய் போராடும்போது கத்த முடியாது. தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். பார்ப்பவருக்கு விளையாடுவது போலவே தெரியும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு 5 வயசு நிரம்பாத பிஞ்சுகள். ஜூலை 25-ந்தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக ஐ.நா. சபை 2021-ல் அறிவித்தது.

லைப் கார்டு ஊழியர் இருக்கிறாரே என்று விட்டுவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான தலைகளை அவர் பார்க்க வேண்டும். நமக்கு நம் பிள்ளை ஒன்றுதான்.

'பார்வை டியூட்டி' போடுங்க

மில்லில் ஷிப்ட் போடுவது போல, பெரியவர்களுக்கு ஆளுக்கு 20 நிமிஷம் டியூட்டி போடுங்கள். டியூட்டியில் இருப்பவர் தோளில் ஒரு துண்டு இருக்கட்டும். அவருக்கு போன் கிடையாது, போட்டோ கிடையாது, அரட்டை கிடையாது. பிள்ளையைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. டியூட்டி மாறும்போது "இனி நீ பார்த்துக்கோ" என்று வாய் திறந்து சொல்லி, துண்டைக் கையில் கொடுங்கள். துண்டு கைமாறாமல் டியூட்டி மாறக் கூடாது.

6 வயசுக்குக் கீழ் என்றால் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே இருக்க வேண்டும். காலையில் கிளம்பும்போது பிள்ளையை அன்றைய டிரஸ்சோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கூட்டத்தில் தொலைந்தால் காட்ட உதவும். எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒரு இடத்தையும் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

'தண்ணி' போட்டவர்கள் தண்ணீரில் இறங்கவே கூடாது, டியூட்டியும் பார்க்கக் கூடாது. பிறந்தநாள் பார்ட்டியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கு விளையாட்டில் கவனம்

சறுக்குக்குச் சறுக்கு உயர அளவு வைத்திருப்பார்கள். "ஒரு தடவை விடுங்க சார்" என்று ஊழியரிடம் கெஞ்சாதீர்கள். எடை குறைந்த பிள்ளை வளைவில் தூக்கி எறியப்படலாம். மல்லாக்கப் படுத்து, கையை நெஞ்சில் கட்டி, காலைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்ததும் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் வந்து மோதுவார்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், முதுகு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது வேண்டாம். பிரியாணியை முடித்த கையோடு ஏறினால் வாந்தி நிச்சயம். அரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள்.

தண்ணீர் சுத்தமா?

இறங்கும் முன் ஒரே ஒரு சோதனை. குளத்தின் தரை பளிச்சென்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் இறங்க வேண்டாம். கலங்கிய தண்ணீரில் மூழ்கியவரையும் பார்க்க முடியாது.

மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். அது தப்பு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் அந்தக் காட்டமான வாடை கிளம்பும். முதலில் ஷவரில் குளித்துவிட்டு இறங்குங்கள். பிள்ளைகளை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் கூட்டிப்போங்கள். வயிற்றுப்போக்கு, மெட்ராஸ் ஐ, காதில் சீழ் இருந்தால் அந்த வாரம் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தண்ணீரிலேயே இருந்தாலும் உடம்பு வறண்டுபோகும். அடிக்கடி குடிதண்ணீர் கொடுங்கள்.

திரும்பும் வழியில் பவானி ஆறு

மேட்டுப்பாளையம் போகிறவர்கள் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மனைக் கும்பிடாமல் வருவதில்லை. கோவில் பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது. "பார்க்குல ஆடியாச்சு, ஆத்துல ஒரு முங்கு போடுவோம்" என்று இறங்காதீர்கள். இங்கே லைப் ஜாக்கெட் கிடையாது. மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்தால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். ஆழமும் சுழலும் வெளியே தெரியாது. கரையில் கால் நனைத்து, சாமி கும்பிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசம்பாவிதம் நடந்தால்...

வெளியே தூக்கிய பிள்ளைக்குப் பேச்சு மூச்சு இல்லையா? வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். அதில் போவது நேரம்தான். ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். இன்னொருவர் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை லேசாகத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் வேகமாக 30 அமுக்கு, 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. பிழைத்து எழுந்தாலும் விடாத இருமல், மூச்சிரைப்பு, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

காசு செலவழித்துப் போகிறோம், பிள்ளை ஆசை தீர ஆடட்டும். கரையில் ஒரு ஆள் மட்டும் தோளில் துண்டோடு கண் சிமிட்டாமல் நிற்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைக்கும் பெரிய பர்த் டே பரிசு அதுதான்.

போங்க... ஆடுங்க... பத்திரமா வாங்க!