தன்மதிப்பும் உளச்சோர்வும்

உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வருங்காலத்தில் நம்பிக்கையின்மை ஆகியவற்றோடு, ‘நான் எதற்கும் பயனற்றவன்’ என்னும் எண்ணமும் உளச்சோர்வு நோயின் அறிகுறி என்பர் மருத்துவர். இவ்வெண்ணம் சோர்வினால் விளைவது; சோர்வை வளர்ப்பதும் ஆகும். இதனைப் பிறப்பின் பெயரால் ஒரு சமூகத்தார் அனைவர்மீதும் சுமத்திய வரலாறு நம் நாட்டிற்கு உண்டு. அச்சுமையை இறக்கிவைக்க முயன்ற வரலாறும் உண்டு.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்ற நாள்களைப் பற்றித் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார். ஏறக்குறைய 400 மாணவர்களுள் 10 பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலம் தெரிந்தால் இழிவாக நடத்துவரோ என்றஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே இருந்து படிப்பார். பள்ளி விட்டதும் எவரும் உடன் வாராதவாறு விரைந்து வீடு சேர்வார். பிற பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாமையை எண்ணி மனங்கலங்குவார். அறிவிற் குறைவில்லை, அடையாளம் வெளிப்படுமோ என்னும் அச்சமே அவரை வாட்டியது.

அவர் கண்ட மருந்து யாது? 1893இல் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எப்பெயரால் இழித்தனரோ அப்பெயரையே முகப்பில் பொறித்தார். எனினும் உள்ளத்துணிவு மட்டும் போதாது என்பதை அவர் அறிவார். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் அனைவருக்கும் உரிமை வேண்டி, 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். தன்மதிப்பு வேரூன்ற உரிமையும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

கருணாபுரத்தார்க்கு இவ்வரலாறு இன்று பெரிதும் வேண்டற்பாலது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பலர் கருணாபுரத்துக் கூலித் தொழிலாளர். நஞ்சை விற்றோரின் குற்றத்தை மாண்டோர்மேல் ஏற்றுதல் அறமன்று. ‘இவ்வூரார் இப்படித்தான்’ என எவரேனும் கூறின், அதனை நம் பிள்ளைகள் நம்பிவிடலாகாது. தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் தன் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்குவானாயின், அன்று கோவையில் ஒதுங்கி நின்ற மாணவரின் அச்சமே அவனையும் பற்றியது என்க.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையின் மதிப்பெண்ணை நோக்குவது போன்றே அதன் முகவாட்டத்தையும் நோக்குதல் வேண்டும். சோர்வு வாரக்கணக்கில் நீடிப்பின், அதனைச் சோம்பல் என்று கடியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். எழுத்தறிவித்தலோடு, தன் பெயரையும் ஊரையும் தலைநிமிர்ந்து சொல்லப் பழக்குதலும் கல்விச் சங்கத்தின் பணியே ஆகும்.