கொல்லிமலையை அளவுகோலாகக் கொண்ட வலைச்செயலி: சில கருவிகளும் உத்திகளும்

1. ஆய்வுப் பொருள்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயர்கள் 'நாடு' என்று முடிகின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கே மிளகு, காபி, பலா, அன்னாசி, சாமை, கேழ்வரகு முதலியவற்றை விளைவிக்கிறார்கள். மலைமடிப்புகளில் செல்பேசிச் சிக்னல் ஒரு திருப்பத்தில் கிடைத்து அடுத்த திருப்பத்தில் அறுந்துபோகும்.

உழவர் குழு ஒன்று மிளகையும் சாமையையும் எடைபோட்டு வாங்கி, செல்பேசியிலேயே பதிந்துகொள்ள ஒரு வலைச்செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதுபவருக்குத் தேவைப்படும் கருவிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. என் துணிபு இது: கொல்லிமலையில் ஒழுங்காக ஓடும் செயலி சென்னையிலும் ஓடும், சென்னையில் ஓடுவது கொல்லிமலையில் ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதற்கு முன்னோடி தமிழ் நிலத்திலேயே உண்டு. கொல்லிமலைச் சிறுதானியங்களைக் காக்க நெடுங்காலம் உழைத்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசியை நம்ப முடியாத இடங்களுக்கு வில்லியனூர் மையத்திலிருந்து வானொலி அலைவழியே செய்தி போனது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கிடைக்கிற இணைப்புக்கு ஏற்ப அமைப்பை வகுத்தார்கள். இன்றைய உலாவியில் அதற்கான கருவிகள் பல மடங்கு பெருகியிருக்கின்றன.

2. இணைப்பு அறுந்த நிலை

2.1 பதிவு முதலில் செல்பேசியில்

எடை போட்டவுடன் பதிவு சர்வருக்குப் போய்த்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று எழுதிவிட்டால் மலையில் வேலை நின்றுவிடும். பக்கத்தின் கோப்புகளை, உலாவியின் பின்னணி நிரலான சர்வீஸ் வொர்க்கர் செல்பேசியிலேயே வைத்துக்கொள்ளட்டும். பதிவுகள் உலாவியின் உள்தரவுத்தளமான இண்டெக்ஸ்டு டிபியில் சேரட்டும். சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்குப் போகட்டும். அலெக்ஸ் ரஸலும் ஃபிரான்செஸ் பெரிமனும் 2015இல் 'புரோகிரெசிவ் வெப் ஆப்' என்று பெயரிட்ட முறையின் உயிர் இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். இணைப்பு வந்ததும் தானாக அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் குரோம் வழிவந்த உலாவிகளில்தான் உண்டு. ஆகவே செயலியைத் திறக்கும்போதும் நிலுவையை அனுப்பும்படி எழுத வேண்டும், 'இப்போது அனுப்பு' பொத்தானும் வேண்டும். அடுத்து, சஃபாரி 2020 முதல், ஏழு நாள் பயன்படுத்தாத தளத்தின் சேமிப்பை அழித்துவிடுகிறது. செயலியை முகப்புத் திரையில் நிறுவச் சொல்வது அங்கே கட்டாயம்.

'இணைப்பு இருக்கிறதா' என்று உலாவியைக் கேட்டுப் பெறும் விடையையும் நம்பக் கூடாது. கோபுரத்தோடு தொடர்பு இருந்தாலே உலாவி 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். தரவு ஒரு பைட்கூட நகராமல் இருக்கலாம். அனுப்பிப் பார்த்துச் சர்வர் ஒப்புகை தந்தால்தான் இணைப்பு உண்டு என்று கொள்ள வேண்டும்.

2.2 இரட்டைப் பதிவு

இங்கேதான் உழவரின் பணம் இருக்கிறது. 12 கிலோ மிளகுக்கான பதிவு சர்வரை அடைந்துவிட்டது. ஒப்புகை திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. செயலி மறுபடி அனுப்புகிறது. கணக்கில் 24 கிலோ ஏறுகிறது. இதைத் தடுக்க, எடை போடும் கணத்திலேயே செல்பேசி ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் ஒன்றை உருவாக்க வேண்டும். தரவுத்தளத்தில் அந்த எண் ஒருமுறைதான் வரலாம் என்ற விதி இருக்க வேண்டும். பத்து முறை அனுப்பினாலும் ஒரு பதிவே நிற்கும்.

அன்றைய விலையும் பதிவோடு சேர்ந்தே போக வேண்டும். மூன்று நாள் கழித்து ஒத்திசையும்போது சர்வர் தன் கையிலுள்ள விலையைப் போட்டால் அது உழவருக்கு இழைக்கும் அநீதி. திருத்தம் வேண்டுமென்றால் பழைய பதிவை அழிக்காமல் திருத்தப் பதிவாகச் சேர்ப்பதே முறை. கூட்டுறவுக் கடைகளின் கைப்பதிவேட்டில் அடித்துத் திருத்திக் கையெழுத்திடும் வழக்கமும் இதே அறிவிலிருந்து பிறந்ததுதான்.

2.3 பக்கத்தின் எடை

புதிய இணைப்பில் சர்வர் முதல் சுற்றில் அனுப்பக்கூடியது ஏறத்தாழ 14 கிலோபைட். திரையில் முதலில் தெரிய வேண்டியவை இதற்குள் அடங்கினால் நலம். ஆண்ட்ராய்டிலேயே தமிழ் எழுத்துரு உண்டு. அழகுக்காக இன்னொன்றை இறக்கச் செய்வது இந்த வேலைக்குத் தேவையற்றது. சர்வரில் பிராட்லி சுருக்கத்தை இயக்குங்கள். 2022இல் தரமாக்கப்பட்ட எச்டிடிபி-3, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பைத் தொடரும் வசதி கொண்டது.

3. தமிழ் உரை

3.1 நீளம்

'கொல்லிமலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஐந்து எழுத்து: கொ, ல், லி, ம, லை. ஜாவாஸ்கிரிப்ட் நீளம் கேட்டால் 9 என்கிறது. யுடிஎஃப்-8 குறிமுறையில் 27 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 30 என்று அளவிட்ட புலம் இயல்பாகப் பைட் கணக்கே கொள்வதால், இந்த ஒரு ஊர்ப்பெயரோடு ஏறக்குறைய நிரம்பிவிடும். மையெஸ்கியூஎல் எழுத்துக்குறிகளை எண்ணுகிறது. குறுஞ்செய்தியிலும் இதே சிக்கல்: ஆங்கிலத்துக்கு 160 குறி, தமிழுக்கு 70. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ண ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டல் செக்மென்டர்' பயன்படும். ஆனால் 'க்ஷ'வை அது இரண்டாகவே எண்ணும்.

3.2 ஒரே சொல், இரு வடிவம்

'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடலில் ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. உள்ளே வரும் எல்லா உரையையும், இவற்றை ஒரே குறியாக்கும் யுனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். ஒரு வரி நிரல்தான்.

3.3 சரிபார்ப்பு

பெயர்ப் புலத்தில் 'எழுத்து மட்டும்' என்ற விதியை யுனிகோட் எழுத்து வகையால் எழுதுவோர் பலர். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அந்த வகையில் இல்லை. அவை 'குறி' என்ற வகையில் உள்ளன. இரண்டையும் சேர்க்காத செயலி பெரும்பாலான தமிழ்ப் பெயர்களைத் தவறு என்று திருப்பி அனுப்பும். தன் பெயரே தவறு என்று திரை சொல்வதைப் படிக்கும் மனிதர் அந்தச் செயலியை மீண்டும் தொடுவாரா?

3.4 அகரவரிசை

ஊராட்சிப் பட்டியலில் திருப்புளி நாடும் தின்னனூர் நாடும் உண்டு. தமிழ் வரிசையில் ரகரம் முன், னகரம் கடைசி. எனவே திருப்புளி முதலில் வர வேண்டும். யுனிகோட் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால், சாதாரண வரிசைப்படுத்தல் தின்னனூரை முன்னே தள்ளிவிடும். 'இன்டல் கொலேட்டர்' கருவிக்குத் தமிழ் என்று சொன்னால் சரியான வரிசை கிடைக்கும்.

4. பயிரும் ஆளும்

இங்கே சாமை ஒன்றல்ல. கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை எனப் பல உள்ளூர் ரகங்கள் உண்டு. 'சாமை' என்ற ஒற்றைத் தேர்வோடு படிவம் அமைத்தால், காக்கப்பட வேண்டிய வேறுபாடு கணக்கிலேயே அழிந்துபோகும். ரகத்துக்கு எண் கொடுத்துச் சேமிக்க வேண்டும். தேடலில் 'கட்டவெட்டிச் சாமை', 'கட்டவெட்டி சாமை' இரண்டும் அகப்பட, இடைவெளியையும் இடையில் மிகும் ஒற்றையும் நீக்கிய தேடல் வடிவத்தைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஆட்பெயருக்கு ஒரே புலம் போதும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கட்டாயப்படுத்துவது தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம் வழக்கத்துக்கு ஒவ்வாது.

5. சோதனை

குரோமின் டெவலப்பர் கருவிகளில் மெதுவான இணைப்பையும் 'ஆஃப்லைன்' நிலையையும் உருவாக்கலாம். செயலியின் வேகத்தை லைட்ஹவுஸ் அளந்து காட்டும். இவை தேவை, ஆனால் போதா. இணைப்பு பாதியில் அறுவதை அவை அரிதாகவே காட்டுகின்றன. பதிவை அனுப்பியதும் விமானப் பயன்முறையை இயக்கி, செயலியை மூடித் திறந்து, மறுபடி இணைத்து, சர்வரில் எத்தனை பதிவு நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இச்சோதனையை மலிவான பழைய ஆண்ட்ராய்டு செல்பேசியில் செய்ய வேண்டும். சர்வரில் ஒன்றுக்கு மேல் பதிவு நின்றால் செயலியை வெளியிடக் கூடாது.

தமிழில் செயலி எழுதும் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறேன்: திருப்புளியையும் தின்னனூரையும் கட்டவெட்டிச்சாமையையும் இன்றே உங்கள் சோதனைத் தரவில் சேர்த்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.