அட்மின், அட்மின்: வீட்டு வைஃபை பாஸ்வேர்டின் கதை

வீட்டு வைஃபை ரூட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வைஃபையின் பெயர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, 192.168.1.1 மாதிரி ஒரு எண், அப்புறம் ஒரு யூசர்நேம், இன்னொரு பாஸ்வேர்டு. பழைய பெட்டியாக இருந்தால் கடைசி இரண்டு இடத்திலும் "அட்மின்" என்றே போட்டிருக்கும். இதை உடனே மாற்றிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போனை எடுத்தால் ஐந்து நிமிட வேலை. எனக்கு இருந்த கேள்வி வேறு. மாற்றியே ஆக வேண்டிய பாஸ்வேர்டை ஏன் போட்டு விற்றார்கள்? பூட்டுக் கடைக்காரர் ஊரில் எல்லோருக்கும் ஒரே சாவியைக் கொடுத்து, "வீட்டுக்குப் போனதும் மாத்திக்கோங்க" என்று சொன்னால் சும்மா இருப்போமா? அதைத் தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகள் இவை.

முதல் பாஸ்வேர்டு, முதல் திருட்டு

கணினிக்குப் பாஸ்வேர்டு வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரே பெரிய கணினியைப் பல பேர் ஒரே சமயத்தில் பங்கு போட்டுப் பயன்படுத்துவது அதன் நோக்கம். அவரவர் கோப்புகள் அவரவருக்கே இருக்க வேண்டும், அவரவருக்கு ஒதுக்கிய நேரத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் ஆளுக்கொரு ரகசியச் சொல்.

அடுத்த வருடமே அது களவு போனது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அது அவருக்குப் போதவில்லை. 1962இல் பாஸ்வேர்டு கோப்பையே அச்சடித்துத் தரும்படி கணினிக்கு ஒரு துளை அட்டை கொடுத்தார். கணினியும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது! 1966இல் இன்னொரு கூத்து. இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்களுக்கு எல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக மொத்தப் பாஸ்வேர்டு பட்டியலும் தெரிந்தது.

இதிலிருந்து பாடம் படித்தவர்கள் யூனிக்ஸ்காரர்கள். 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காதே, திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்துச் சேமி என்றார்கள். அரைக்கும்போது ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு சின்ன எண்ணையும் சேர்க்கச் சொன்னார்கள். அதன் பெயர் சால்ட், அதாவது உப்பு. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறு என்பதால் அரைத்த மாவு வேறாக இருக்கும். இந்த உப்பு கதையில் மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. அவர்கள் சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831, அதாவது 86 சதவீதம், எளிதில் ஊகிக்கக் கூடியவை. சில ஒரே எழுத்து, சில அகராதிச் சொற்கள். மனிதர்கள் நல்ல பாஸ்வேர்டு வைக்க மாட்டார்கள் என்பது 1979லேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. வைஃபை பெட்டி செய்தவர்கள் "தெரியாமல் போச்சு" என்று சொல்ல முடியாது.

பூட்டே சரியில்லாத காலம்

வைஃபைக்கான முதல் தரநிலை 802.11 வந்தது 1997இல். கம்பி இருந்தவரை திருட்டுத்தனமாக இணைய வேண்டுமென்றால் கட்டடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அலையோ சுவரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். அதனால் டபிள்யூ.ஈ.பி. என்று ஒரு பூட்டைச் சேர்த்தார்கள். கம்பிக்கு இணையான அந்தரங்கம் என்று பெயர் பொருள்பட்டது. பெயரில் மட்டும்தான்.

அதன் சாவி 40 பிட்டு. அப்போது அமெரிக்கா வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வைத்திருந்ததே அதற்குக் காரணம். சாவியின் நீளத்தை விட மோசமானது வடிவமைப்பு. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 24 பிட்டு எண் ஒன்று சேரும். 24 பிட்டுக்கு 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான் உண்டு. பரபரப்பான வலையில் சில மணி நேரத்திலேயே எண்கள் தீர்ந்து, பழையவை திரும்ப வரத் தொடங்கும். அங்கேதான் பிடி கிடைக்கும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் இதன் அடியில் இருந்த ஆர்.சி.4 முறையின் பலவீனத்தை எழுதினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 104 பிட்டு சாவியையே ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள்.

அந்தக் காலத்தில் எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் பயன் குறைவு. பலர் அதுவும் வைக்கவில்லை. பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்தால் உடனே வேலை செய்ய வேண்டும், வாடிக்கையாளர் உதவிக்குப் போன் செய்யக் கூடாது. கம்பெனிகளின் கணக்கு அதுதான். எனவே பூட்டு திறந்தபடியே பெட்டிகள் வந்தன. 2002 வாக்கில் அமெரிக்கத் தெருக்களில் தேடினால் "லிங்சிஸ்" என்ற பெயரிலேயே வரிசையாக வைஃபை தெரியும். யாருமே பெயரைக்கூட மாற்றவில்லை. மடிக்கணினியோடு காரில் சுற்றி இப்படித் திறந்த வைஃபைகளைக் கணக்கெடுப்பதற்கு "வார்டிரைவிங்" என்றே ஒரு பெயர் பிறந்தது.

வாசல் திறந்திருந்தால் யார் பொறுப்பு?

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைத்திருந்தோம். 2008இல் நம் நாட்டுக்கே வந்தது.

ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. 56 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு இந்தியன் முஜாஹிதீன் பெயரில் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தொடர்ந்து போன போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கணினியைப் பறிமுதல் செய்து, பலமுறை விசாரித்து, அப்புறம்தான் அது தெளிவானது. அடுத்த மின்னஞ்சல் ஆகஸ்டில், மாதுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின் மின்னஞ்சல் செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்து. ஒவ்வொரு முறையும் போலீஸ் முதலில் தட்டியது சம்பந்தமில்லாதவர் கதவைத்தான்.

2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகத் திறந்த வைஃபைகளைத் தேடும் வேலையை அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடுவது இந்தியாவில் சட்டம் ஒழுங்கு விஷயமானது அப்போதுதான். கவனியுங்கள், கேள்வி கேட்கப்பட்டது வீட்டுக்காரரிடம். திறந்த பெட்டியை விற்றவரிடம் இல்லை.

நல்ல பூட்டு, பழைய சாவி

இத்தனைக்கும் நல்ல பூட்டு அதற்குள் வந்துவிட்டிருந்தது. 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் டபிள்யூ.பி.ஏ.2. குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63. நாம் கொடுக்கும் பாஸ்வேர்டை 4,096 முறை அரைத்துச் சாவி செய்கிறது. சேர்க்கும் உப்பு எது தெரியுமா? வைஃபையின் பெயர்! அதனால்தான் பெயரையும் மாற்றச் சொல்கிறார்கள். ஊரெல்லாம் ஒரே பெயர் என்றால் உப்பும் ஒன்றே. திருடுபவர் ஒரே தடவை அரைத்துப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் பயன்படுத்தலாம்.

பூட்டு நன்றாக இருந்தாலும், போன் இணையும்போது நடக்கும் கைகுலுக்கலைத் தெருவிலிருந்து பதிவு செய்து, வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகிக்க முடியும். இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இணைப்பு கொடுக்க வரும் தம்பி, "என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும் சார்?" என்பார். நாம் யோசிப்பதற்குள் அவரே நம் மொபைல் எண்ணைப் போட்டுவிடுவார். மறக்காது, சொல்லவும் எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இன்று நொடிக்கு 10 லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நம் எண் ஏற்கெனவே தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. அதுவே தாறுமாறாகப் போட்ட 12 சின்ன ஆங்கில எழுத்துகள் என்றால் அதே கார்டுக்குச் சுமார் 3,000 வருடம் ஆகும்.

இடையில், பாஸ்வேர்டு அடிக்கிற கஷ்டம் வேண்டாம் என்று டபிள்யூ.பி.எஸ். என்ற குறுக்குவழி வந்தது. 8 இலக்கப் பின். 2011இல் ஸ்டெஃபான் ஃபீபெக் அதன் குட்டை உடைத்தார். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதியை ரூட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே சரி, தப்பு என்று சொல்லிவிடுகிறது. பத்து கோடி என்று நினைத்தது 11,000 முயற்சியில் முடிந்தது. நல்ல பாஸ்வேர்டு வைத்தும் பின்வாசல் திறந்திருந்தது.

இரண்டாவது பாஸ்வேர்டு

பலர் குழம்பும் இடம் இது. வைஃபை பாஸ்வேர்டு வாசல் சாவி. 192.168.1.1 பக்கத்துக்குள் போகிற பாஸ்வேர்டு பீரோ சாவி. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறாது.

192.168 என்று தொடங்கும் எண்கள் 1990களில் உள் வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. அதனால் "வெளியிலிருந்து யாரும் வர முடியாதே, அட்மின் என்றே இருக்கட்டும்" என்ற நினைப்பு வளர்ந்தது. 2007இல் ஸ்டாம், ராம்சான், யாகோப்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைத் தகர்த்தார்கள். நீங்கள் ஒரு கெட்ட வலைப்பக்கத்தைத் திறந்தால் போதும். அதிலுள்ள நிரல் உங்கள் பிரவுசருக்குள் ஓடுகிறது, அதாவது வீட்டுக்கு உள்ளே. அங்கிருந்து ரூட்டரைத் தட்டி "அட்மின்" என்று சொல்லி நுழைந்து, டி.என்.எஸ். அமைப்பை மாற்றிவிடும். அப்புறம் நீங்கள் வங்கி முகவரியைச் சரியாகவே அடித்தாலும் போய்ச் சேருவது திருடனின் பக்கத்துக்கு. 2011–12இல் பிரேசிலில் சுமார் 45 லட்சம் மோடம்களில் டி.என்.எஸ். மாற்றம் நடந்தே விட்டது. அங்கே நுழைந்தது மோடத்திலிருந்த ஓட்டை வழியாக. எனவே பாஸ்வேர்டை மாற்றினால் போதாது, ரூட்டரின் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும்.

2016இல் மிராய் வந்தது. எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். கையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60, அவ்வளவே. அந்தச் சின்னப் பட்டியலைக் கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களும் ரூட்டர்களும் பிடிபட்டன. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை.

போனில் மாற்றுவது

பழைய கையேடுகள் "கணினியைக் கம்பியால் இணையுங்கள்" என்று தொடங்கும். இன்று பல வீடுகளில் இருப்பது போன் மட்டும்தான், அதுவே போதும். வைஃபையில் இணைந்துகொண்டு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில போன்கள் டேட்டா வழியாகத் தேடி "பக்கம் திறக்கவில்லை" என்று சொல்லும். போனின் வைஃபை விவரத்தில் கேட்வே என்று இருக்கும் எண்ணைப் பிரவுசரில் அடியுங்கள், அல்லது அந்த ரூட்டருக்கான செயலியைத் திறங்கள். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு வயர்லெஸ் பகுதியில் பெயரையும் பாஸ்வேர்டையும். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 தேர்வு செய்யுங்கள். டபிள்யூ.பி.எஸ். இருந்தால் அணைத்துவிடுங்கள்.

சேமித்த அடுத்த நொடி இணைப்பு அறுந்துவிடும். பயப்படாதீர்கள். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். பழைய இணைப்பை "மறந்துவிடு" கொடுத்துப் புதிய பாஸ்வேர்டோடு சேரலாம். டி.வி., கேமரா எல்லாவற்றுக்கும் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கும். புதிய பாஸ்வேர்டுகள் இரண்டையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைப்பதில் தப்பே இல்லை. மிராய்க்கு உங்கள் நோட்டைப் படிக்கத் தெரியாது.

என் கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போடக் கூடாது என்று சட்டமே வந்தது மிராய்க்குப் பிறகுதான். கலிபோர்னியா 2018இல் சட்டம் இயற்றி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல். பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்டு அச்சடிப்பது தொழிற்சாலைக்குப் பெரிய செலவில்லை. அந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடிக்க, இருபது வருடம் அந்த வேலை நம் தலையில் இருந்தது. செய்யாதவர்களுக்கு "அஜாக்கிரதை" என்ற பெயரும் கிடைத்தது. நவி மும்பையில் அந்த மனிதர் போலீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பெட்டி விற்றவரை யாரும் கூப்பிடவில்லை. பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் மாற்றாமல் விட்ட பெரியவர் யாரையாவது பார்த்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுங்கள்.